கடல் நீர்நாயும் கெல்ப் காடும்: உணவு வலை பற்றி ஓர் அறிமுகம்

புல்லை வெட்டுக்கிளி தின்னும். வெட்டுக்கிளியைத் தவளை பிடிக்கும். தவளையைப் பாம்பு விழுங்கும். பாம்பைக் கழுகு தூக்கிக்கொண்டு போகும். உணவுச் சங்கிலி என்ற தலைப்பில் பள்ளிக்கூடத்தில் நம்மில் பலர் இந்தப் படத்தை வரைந்து ஐந்து மதிப்பெண் வாங்கியிருப்போம். படத்தில் தப்பில்லை. ஆனால் காட்டிலோ கடலிலோ யாரும் இப்படி வரிசையில் நின்று சாப்பிடுவதில்லை. பாம்பு எலியையும் தின்கிறது, பறவை முட்டையையும் குடிக்கிறது. கழுகு மீனையும் பிடிக்கிறது, செத்ததையும் கொத்துகிறது. சங்கிலிகள் ஒன்றின் மேல் ஒன்று பின்னிக்கொள்ளும்போது கிடைப்பது வலை. சூழலியலில் இதற்கு உணவு வலை என்று பெயர்.

இந்த வலையை வரைவது எளிது. வரைந்த வலையில் எந்த இழை பாரம் தாங்குகிறது என்று சொல்வதுதான் கடினம். சென்ற அறுபது ஆண்டுகளில் பசிபிக் பெருங்கடலின் வடகிழக்குக் கரையில் கிடைத்த சில பாடங்கள் வழியாக இந்தக் கடினத்தை இங்கே விளக்க முயல்கிறேன்.

சங்கிலியிலிருந்து வலைக்கு

ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த சார்லஸ் எல்ட்டன் 1921ல் ஆர்க்டிக் பகுதியின் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகளுக்குப் போன ஆய்வுக் குழுவில் இருந்தார். உயிரினங்கள் மிகக் குறைவாக இருக்கும் இடம் அது. யார் யாரைத் தின்கிறார்கள் என்று உட்கார்ந்து கணக்கெடுக்க முடியும். அங்குள்ள பியர் தீவின் உணவு உறவுகளைத் தாவரவியலாளர் சம்மர்ஹேஸுடன் சேர்ந்து அவர் ஒரே படமாக வரைந்து 1923ல் வெளியிட்டார். இன்று உணவு வலை என்று நாம் காணும் படங்களுக்கு அது முன்னோடி. 1927ல் வந்த அவருடைய 'விலங்குச் சூழலியல்' என்ற புத்தகம் உணவுச் சங்கிலி, எண்ணிக்கைப் பிரமிடு ஆகிய கருத்துகளைத் துறைக்குள் நிலைநிறுத்தியது.

அடுத்த அடியை வைத்தவர் ரேமண்ட் லிண்டமன். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு சின்ன ஏரியை ஆராய்ந்து, உயிரினங்களை எண்ணுவதோடு நில்லாமல் அவற்றினூடே பாயும் சக்தியைக் கணக்கிட்டார். சூரிய ஒளியைப் பாசி பிடிக்கிறது. பாசியைத் தின்பதற்கு அதில் ஒரு பகுதி போகிறது. அதைத் தின்பதற்கு அதிலும் ஒரு பகுதி. ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதி மூச்சாகவும் வெப்பமாகவும் கழிந்துபோகிறது. தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான் மேல்படிக்குத் தேறும் என்று பாடநூல்கள் சொல்வது இந்தக் கணக்கின் வழி வந்ததே. புலிகள் ஏன் குறைவு, மான்கள் ஏன் அதிகம் என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. லிண்டமனின் கட்டுரை 1942ல் அச்சில் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. இருபத்தேழு வயது நிறைவதற்குச் சில வாரங்களுக்கு முன் இறந்துவிட்டார்.

இந்தக் கணக்கின்படி அதிகாரம் எல்லாம் கீழே இருக்கிறது. புல் எவ்வளவோ அவ்வளவு மான். மான் எவ்வளவோ அவ்வளவு புலி. மேலே இருப்பவன் கீழே இருப்பவனின் தயவில் வாழ்கிறான்.

உலகம் ஏன் பச்சையாக இருக்கிறது?

1960ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹேர்ஸ்டன், ஸ்மித், ஸ்லோபோட்கின் ஆகிய மூவர் குழந்தை கேட்பது போன்ற ஒரு கேள்வியைக் கேட்டார்கள். இலை தின்னும் பூச்சிகளும் விலங்குகளும் இத்தனை இருந்தும் உலகம் ஏன் மொட்டையாகிவிடவில்லை? அவர்கள் சொன்ன பதில்: இலை தின்பவற்றைத் தின்பவை இருக்கின்றன. எதிரிக்கு எதிரி நண்பன் என்ற கணக்கில், ஊனுண்ணிகள் தம்மையறியாமல் பசுமையைக் காவல் காக்கின்றன. அதாவது, அதிகாரம் மேலிருந்தும் இறங்குகிறது.

அழகான வாதம். ஆனால் வாதம்தான், யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. சோதித்தவர் ஸ்மித்தின் மாணவர் ராபர்ட் பெயின்.

பாறையும் கடப்பாரையும்

1963ல் வாஷிங்டன் மாநிலத்தின் மேற்குக் கோடியில் உள்ள மக்கா விரிகுடாவுக்குப் பெயின் வந்தார். அலை வற்றும்போது அங்கே பாறைகள் வெளியே தெரியும். அவற்றில் மஸ்ஸல் சிப்பிகள், படகின் அடியில் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசுகள், லிம்பெட், கைட்டன் முதலிய ஓட்டுயிர்கள், பலவகைப் பாசிகள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு வாழும். இவற்றுக்கு மேல் உட்கார்ந்திருப்பது பிசாஸ்டர் என்ற நட்சத்திர மீன். ஊதாவிலும் ஆரஞ்சிலும் இருக்கும். சிப்பியின் ஓட்டை லேசாக விலக்கி, தன் இரைப்பையையே வெளியே தள்ளி அதற்குள் நுழைத்துச் செரித்துவிடும்.

பெயின் செய்த சோதனைக்கு ஒரு கடப்பாரை போதுமானதாக இருந்தது. சுமார் எட்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள ஒரு பாறைப் பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களை எல்லாம் நெம்பி எடுத்துக் கடலுக்குள் வீசினார். பக்கத்துப் பகுதியை ஒப்பிடுவதற்காக அப்படியே விட்டுவிட்டார். திரும்பத் திரும்ப வந்து, புதிதாக ஏறி வந்தவற்றையும் வீசினார்.

தின்பவன் போய்விட்டால் மற்றவர்கள் எல்லாம் நிம்மதியாகப் பெருகுவார்கள் என்றுதான் நாம் நினைப்போம். முதலில் கொட்டலசுகள் பாறையை ஆக்கிரமித்தன. பிறகு மஸ்ஸல் சிப்பிகள் அவற்றை நெருக்கித் தள்ளின. பாசிகளுக்கு ஒட்ட இடம் இல்லை. பாசி இல்லாததால் அதை மேய்பவையும் போய்விட்டன. பக்கத்துப் பாறையில் எதுவும் மாறவில்லை. இந்தப் பாறையில் மட்டும் 15 இனங்கள் எட்டாகக் குறைந்தன. நட்சத்திர மீன், மற்றவர்களை எல்லாம் நெருக்கித் தள்ளக்கூடிய பலசாலியைத் தின்று, எளியவர்களுக்கு இடம் ஒழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது என்பது அது போன பிறகுதான் தெரிந்தது.

பெயின் இந்த முடிவை 1966ல் வெளியிட்டார். 1969ல் இப்படிப்பட்ட இனத்துக்குப் 'பூட்டுக்கல் இனம்' என்று பொருள்படும் ஒரு பெயரைக் கொடுத்தார். கல் வளைவின் உச்சியில் உள்ள ஒரே ஒரு கல்லை உருவினால் வளைவு முழுதும் சரியும் அல்லவா, அந்தக் கல்லைச் சொல்கிறார். அது மற்றக் கற்களைவிடப் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. லிண்டமனின் சக்திக் கணக்கில் நட்சத்திர மீனின் பங்கு சொற்பம். ஆனால் பாறையில் யார் இருக்கலாம் என்று தீர்மானிப்பது அது.

மென்பொருள் எழுதிப் பிழைக்கும் என் போன்றவர்களுக்கு இது பழக்கமான சங்கதி. பல லட்சம் வரிகள் கொண்ட ஒரு பழைய நிரலில் எந்தப் பகுதி முக்கியம் என்பதை வரிகளை எண்ணிச் சொல்ல முடியாது. எதற்கென்றே தெரியாமல் கிடக்கும் நாலு வரியை நீக்கிப் பார்த்தால் சம்பந்தமே இல்லாத மூலையில் ஏதோ ஒன்று நின்றுபோகும். ஒரு வித்தியாசம் உண்டு. நாங்கள் நீக்கிய வரியைத் திரும்பப் போட்டுவிடலாம். எங்களிடம் பிரதி இருக்கும்.

தோலுக்காக நடந்த சோதனை

பெயின் எட்டு மீட்டரில் செய்ததை மனிதர்கள் அதற்கு இருநூறு ஆண்டுகள் முன்பிருந்தே பசிபிக் கரை நெடுகச் செய்துகொண்டிருந்தார்கள், அறிவியலுக்காக அல்ல, தோலுக்காக.

கடல் நீர்நாய்க்குத் திமிங்கிலத்தைப் போலத் தோலுக்கடியில் கொழுப்பு அடுக்கு கிடையாது. குளிரைத் தாங்குவது ரோமத்தால்தான். ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முடிகள். விலங்குலகில் இதைவிட அடர்ந்த ரோமம் வேறெதற்கும் இல்லை. உடலைச் சூடாக வைத்திருக்க அது நாள்தோறும் தன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு சாப்பிட வேண்டும். நண்டு, சிப்பி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கடல் முள்ளெலி. பெயரைப் பார்த்து எலி என்று நினைக்க வேண்டாம். பந்துபோல உருண்டு, உடலெல்லாம் முள்ளாக, கடலடியில் ஊர்ந்து திரியும் பிராணி அது. வாயில் ஐந்து பற்கள். அந்தப் பற்களால் அது அரிப்பது கெல்ப் என்ற பெரும் கடற்பாசியை.

1741ல் ரஷ்யாவுக்காகக் கடலாய்வு செய்த விட்டஸ் பெரிங்கின் கப்பல் ஒரு தீவில் கரை தட்டியது. பெரிங் அங்கேயே இறந்தார். தப்பித்து ஊர் திரும்பியவர்கள் கையோடு கொண்டுவந்த நீர்நாய்த் தோல்கள் பெரும் விலை போயின. அதன் பிறகு நடந்தது தோல் வேட்டை. ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை இருந்ததாக மதிப்பிடப்படும் நீர்நாய்கள், 1911ல் நான்கு நாடுகள் ஒப்பந்தம் போட்டு வேட்டையைத் தடுத்தபோது ஒன்றிரண்டு ஆயிரம்தான் மிச்சம். அங்கங்கே சில தீவுகளில் ஒளிந்து பிழைத்தவை அவை.

அதே தீவில் பெரிங்கின் குழுவினர் மற்றொரு விலங்கையும் கண்டார்கள். ஸ்டெல்லரின் கடல் பசு, சுமார் எட்டு மீட்டர் நீளம், கெல்ப்பை மேய்ந்து வாழும் சாது. கண்டுபிடிக்கப்பட்ட 27 ஆண்டுகளில், 1768ல், அது உலகிலிருந்தே மறைந்தது. இறைச்சிக்காகக் கொன்றார்கள் என்பது தெரிந்த கதை. நீர்நாய் அழிந்ததால் முள்ளெலி பெருகி, கெல்ப் குறைந்து, கடல் பசுவுக்குத் தீனியும் இல்லாமல் போயிருக்கலாம் என்று சில ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். இனி நிரூபிக்க முடியாத ஊகம். ஆனால் வலையின் தர்க்கத்துக்குப் பொருந்துகிறது.

இரண்டு தீவுகள்

அலாஸ்காவிலிருந்து மேற்கே நீளும் அலூஷியன் தீவுக்கூட்டத்தில் ஆம்சிட்கா என்றொரு தீவு. அமெரிக்கா 1965க்கும் 1971க்கும் இடையில் மூன்று முறை நிலத்தடி அணுகுண்டுச் சோதனை நடத்திய இடம். சோதனையின் பாதிப்பை அறிவதற்காக அரசு ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்தது. அப்படி வந்த இளம் மாணவர்களில் ஒருவர் ஜேம்ஸ் எஸ்டீஸ். கெல்ப் காடு எப்படி நீர்நாய்களைத் தாங்குகிறது என்று ஆராயலாம் என நினைத்திருந்தார். 1971ல் அங்கே வந்த பெயினிடம் இதைச் சொன்னபோது, கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள் என்றார் பெயின். நீர்நாய் கெல்ப்புக்கு என்ன செய்கிறது?

ஆம்சிட்காவில் நீர்நாய்கள் ஏராளம். சில நூறு கிலோமீட்டர் மேற்கே உள்ள ஷெமியா தீவில் அவை வேட்டைக்குப் பின் திரும்பவே இல்லை. எஸ்டீஸ் ஷெமியாவில் கடலுக்குள் மூழ்கிப் பார்த்தார். கடலடி முழுதும் முள்ளெலிகள். கெல்ப் அறவே இல்லை. ஆம்சிட்காவிலோ அடர்ந்த கெல்ப் காடு. முள்ளெலிகள் சிறியவையாக, அரிதாக. ஒரே கடல், ஒரே குளிர், இரண்டு வேறு உலகங்கள். எஸ்டீஸும் ஜான் பால்மிசானோவும் 1974ல் இதை வெளியிட்டார்கள். பிற்பாடு பெயின் இத்தகைய விளைவுக்கு அருவியின் பெயரை வைத்தார். மேலே விழும் நீர் படிப்படியாகக் கீழிறங்குவதுபோல, உச்சியில் நடக்கும் மாற்றம் அடிவரை இறங்குகிறது.

கெல்ப் என்பது வெறும் தீனி அல்ல. வளர்ந்த கெல்ப் காட்டுக்குள் மீன் குஞ்சுகள் ஒளிகின்றன. அலையின் வேகம் தணிகிறது. உதிரும் இலைகள் சிப்பிகளுக்கு உணவாகின்றன. எனவே முள்ளெலியைத் தின்னும் நீர்நாய், தான் கண்ணால்கூடப் பார்க்காத பல உயிர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறது. அவ்விடத்து வெண்தலைக் கழுகுகளின் கூட்டில் கிடக்கும் எச்சங்களை ஆராய்ந்தபோது, நீர்நாய்கள் குறைந்த பிறகு கழுகுகள் மீனைக் குறைத்துக்கொண்டு கடற்பறவைகளை அதிகம் பிடிப்பது தெரிந்தது. நீருக்கடியில் நடந்த மாற்றம் மரமற்ற தீவின் பாறைமேல் உள்ள கூடு வரை ஏறியிருக்கிறது.

நான்கு ஓர்க்காக்கள்

நீர்நாய்கள் ஏன் குறைந்தன? 1990களில் அலூஷியன் தீவுகளில் அவற்றின் எண்ணிக்கை சரிய ஆரம்பித்தது. நோயில்லை, பட்டினியில்லை, கரையில் சடலங்களும் இல்லை. அதுவரை நீர்நாய்களைச் சட்டை செய்யாமல் நீந்திப்போன ஓர்க்கா திமிங்கிலங்கள் அவற்றைத் தாக்குவதை 1991லிருந்து ஆய்வாளர்கள் நேரில் கண்டார்கள். அடாக் தீவில் ஓர்க்கா நுழைய முடியாத ஓர் உப்பங்கழியில் நீர்நாய்கள் குறையவில்லை. அருகிலேயே திறந்த விரிகுடாவில் பெரும்பாலானவை மறைந்தன. 1998ல் எஸ்டீஸ் குழுவினர் ஒரு கணக்குப் போட்டார்கள். நீர்நாயை மட்டுமே தின்னும் ஓர் ஓர்க்காவுக்கு நாளைக்கு ஐந்து வேண்டும், ஆண்டுக்கு 1825. அப்படியானால் சுமார் 40,000 நீர்நாய்களின் மறைவுக்கு நான்கு ஓர்க்காக்கள் போதும்!

மூன்று படி இருந்தபோது நீர்நாய் அதிகம், முள்ளெலி குறைவு, கெல்ப் அதிகம். உச்சியில் நான்காவது படி சேர்ந்ததும் எல்லாம் தலைகீழ்: நீர்நாய் குறைவு, முள்ளெலி அதிகம், கெல்ப் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஓர்க்காக்கள் ஏன் திடீரென்று நீர்நாய் பக்கம் திரும்பின? அவற்றின் வழக்கமான இரையான சீல்களும் கடல் சிங்கங்களும் அதற்கு முன்பே குறைந்துவிட்டிருந்தன. அவை ஏன் குறைந்தன என்பதில் இன்றும் தகராறு. பெரும் திமிங்கிலங்களை மனிதர்கள் வேட்டையாடித் தீர்த்ததில் தொடங்கியது என்கிறது 2003ல் வந்த ஒரு கருத்து; மறுப்பவர்களும் பலர். 2005ல் தென்மேற்கு அலாஸ்காவின் நீர்நாய்கள் அமெரிக்கச் சட்டப்படி ஆபத்துக்குள்ளான பட்டியலில் சேர்ந்தன.

போனது திரும்புமா?

2013ல் பசிபிக் கரையில் நட்சத்திர மீன்கள் கூட்டம் கூட்டமாக உருகிச் சாக ஆரம்பித்தன. இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள். மிக மோசமாக அடிபட்டது சூரியகாந்தி நட்சத்திர மீன். தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. அதைக் கொல்லும் கிருமி, காலரா கிருமியின் உறவுக்காரனான ஒரு வைப்ரியோ பாக்டீரியா என்று 2025ல்தான் தெளிவானது.

வட கலிபோர்னியாவில் இதன் விளைவு கடுமையாக இருந்தது. அங்கே நீர்நாய்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒழித்தாகிவிட்டது. முள்ளெலிகளை அடக்கிவைத்திருந்த கடைசிக் காவல்காரன் சூரியகாந்தி நட்சத்திர மீன். ஒரு காவல் போனபோது மற்றொன்று இருந்ததால் காடு தாங்கியது. இரண்டும் போனபின் தாங்கவில்லை. கூடவே 2014லிருந்து 2016 வரை கடல் வழக்கத்துக்கு மாறாகச் சூடாக இருந்தது. அக்கரையின் கெல்ப்பில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் சில ஆண்டுகளில் மறைந்தது. கெல்ப்பைத் தின்று வாழும் அபலோனி என்ற கடல் நத்தைகள் பட்டினியில் செத்தன. அவற்றை மூழ்கி எடுப்பதற்கு 2018லிருந்து தடை.

கெல்ப் தீர்ந்தால் முள்ளெலியும் பட்டினியில் சாகும், பிறகு காடு தானாகத் திரும்பும் என்று எதிர்பார்க்கலாம். நடப்பது வேறு. முள்ளெலி உடலின் தேவையைச் சுருக்கிக்கொண்டு வருடக்கணக்கில் வெறும் வயிற்றோடு உயிரோடு கிடக்கும். உள்ளே சதைப்பற்றில்லாத அந்த முள்ளெலியை மீனவர் விற்க முடியாது. நீர்நாயும் தொடாது. மத்திய கலிபோர்னியாவில் உள்ள நீர்நாய்கள், மிஞ்சியிருக்கும் கெல்ப் திட்டுகளில் உள்ள கொழுத்த முள்ளெலிகளைத் தின்று அத்திட்டுகளைக் காப்பாற்றுகின்றன. மொட்டையான இடங்களை எட்டிப் பார்ப்பதில்லை. காட்டைக் காப்பது ஒன்று, இழந்த காட்டை மீட்பது வேறொன்று.

யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

அப்படியானால் நீர்நாய்களைக் கொண்டுவந்து விட்டால் ஆயிற்று என்று தோன்றும். தென்கிழக்கு அலாஸ்காவில் 1965லிருந்து 1969 வரை சுமார் 400 நீர்நாய்களை அப்படித்தான் விட்டார்கள். இன்று இருபதாயிரத்துக்கும் மேல். கெல்ப் திரும்பியது. ஆனால் நீர்நாய் இல்லாத நூறு ஆண்டுகளில் பெருகியிருந்த நண்டையும் கடல் அட்டையையும் நம்பிப் பிழைப்பை அமைத்துக்கொண்ட மீனவர்கள், தினமும் தன் எடையில் கால் பங்கு தின்னும் பிராணியோடு போட்டி போட வேண்டியதாயிற்று. அவர்களுக்கு நீர்நாய் பூட்டுக்கல் அல்ல, பங்காளி.

கனடாவின் மேற்குக் கரை பற்றி 2020ல் வந்த ஓர் ஆய்வு, நீர்நாய்களால் சிப்பி, நண்டுத் தொழிலுக்கு ஆண்டுக்கு ஏழு மில்லியன் கனடிய டாலர் அளவுக்கு நஷ்டம் என்றும், கெல்ப் காட்டு மீன்கள், கரியமிலச் சேமிப்பு, சுற்றுலா ஆகியவற்றால் ஐம்பது மில்லியனுக்கு மேல் ஆதாயம் என்றும் மதிப்பிட்டது. கூட்டிக் கழித்தால் லாபம்தான். ஆனால் நண்டுக் கூண்டை வெறுமையாகத் தூக்குபவரும் சுற்றுலாப் படகு விடுபவரும் ஒரே ஆள் அல்ல. வலையில் மனிதர்களும் ஓர் இனமல்ல, பல இனம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஓர் இனம் அழிந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. நேர்மையான பதில்: பல சமயம் ஒன்றும் ஆகாது, சில சமயம் கடலடியே மொட்டையாகும். எது எது என்பதை முன்கூட்டிச் சொல்ல எண்ணிக்கையும் உதவாது, எடையும் உதவாது, அழகும் உதவாது. மக்கா விரிகுடாவில் பெயின் எட்டு மீட்டர் பாறையில் சோதித்தார். பக்கத்தில் தொடாத பாறை ஒன்றை ஒப்பிட வைத்திருந்தார். நாம் கடல் முழுவதிலும் சோதிக்கிறோம். பக்கத்தில் ஒப்பிட வேறு கடல் இல்லை.